பாய்மரம், குடிநீர், வாடைக்காற்று: சதுரங்கப்பட்டினம் முதல் மட்டக்களப்பு வரை

ஆகஸ்ட் 19, சதுரங்கப்பட்டினம்

காலை 11 மணிக்கே கோட்டைச் செங்கல் அனலாய்க் கொதிக்கிறது. தொப்பி, தண்ணீர் இரண்டும் இல்லாமல் உள்ளே போக வேண்டாம். நிழலென்று இருப்பது தானியக் கிடங்கின் வளைவுக்குள் மட்டும்தான். டச்சுக்காரர்கள் கட்டிய இந்தக் கோட்டை இப்போது தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. கல்லறைத் தோட்டத்துக் கதவு பூட்டியிருந்தால் காவலரிடம் கேளுங்கள், முகம் சுளிக்காமல் திறந்துவிடுகிறார். கல்லறைப் பலகைகளில் எழுத்து இன்னும் மழுங்கவில்லை. விரலால் தடவினால் ஒவ்வொரு வெட்டும் தட்டுப்படும்.

1782 பிப்ரவரி 17 அன்று இந்தக் கரைக்கு வெளியே நடந்த சண்டையைத் தேடித்தான் இங்கே வர வேண்டும். ஒருபுறம் அட்மிரல் எட்வர்ட் ஹியூஸ், பிரிட்டனின் கிழக்கிந்தியக் கடற்படைப் பிரிவின் தலைவர், 9 போர்க்கப்பல்களோடு. மறுபுறம் பிரெஞ்சுக்காரர் சுஃப்ரென், 11 கப்பல்களோடு. இந்த இருவரும் அடுத்த 16 மாதங்களில் 5 முறை மோதினார்கள்: சதுரங்கப்பட்டினம், இலங்கைக்குக் கிழக்கே பிராவிடியன் தீவு, நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர். ஐந்திலும் ஒரு தரப்பும் எதிரியின் வரிசைக் கப்பல் (வரிசையில் நின்று சண்டையிடும் பெரிய போர்க்கப்பல்) ஒன்றைக்கூடப் பிடிக்கவில்லை. ஹைதர் அலியையும் பிரிட்டிஷ் தளபதி அயர் கூட்டையும் பாடப்புத்தகத்தில் படித்த நமக்கு, அவர்கள் மோதிய மைசூர்ப் போரின் கடல் பாதி சொல்லித் தரப்படவே இல்லை. கரையோர ஊர்களில் ஒரு அறிவிப்புப் பலகைகூடக் கண்ணில் படவில்லை. இது வருத்தத்துக்குரியது.

அன்றைய சண்டையில் சுஃப்ரென் முழு வரிசையையும் தாக்காமல், ஹியூஸின் பின்பகுதிக் கப்பல்கள் ஐந்தின் மேல் மட்டும் பாய்ந்தார். முன்னே நின்ற நான்கும் காற்று இல்லாததால் திரும்பி வர முடியாமல் வேடிக்கை பார்த்தன. கடைசியில் நின்ற எக்ஸிட்டர் கப்பல் கிட்டத்தட்ட மூழ்கும் நிலைக்கு வந்தது. மாலையில் காற்று திசை மாறியதும் முன்வரிசை திரும்பியது. அதுதான் அதைக் காப்பாற்றியது.

கோட்டைக்கு வெளியே மீன் சாப்பாடு 130 ரூபாய், சங்கரா வறுவல் தனியாக 80. பரிமாறிய அம்மா குழம்பை மறுபடி ஊற்றக் கேட்கவே விடவில்லை. கல்பாக்கம் அணுமின் நிலையம் அருகிலேயே இருப்பதால் கடற்கரையில் கேமராவை எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்பதில் கவனம் வேண்டும்.

ஆகஸ்ட் 20, கடலூர்

தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் மாலை நல்ல கூட்டம். சுண்டல் 20 ரூபாய், மிளகாய் பஜ்ஜி நான்கு 30. அலை ஓயாமல் உடைந்துகொண்டே இருக்கிறது. சோழமண்டலக் கரையின் கடற்போர் வரலாறு முழுவதும் இந்த அலைக்குள்தான் இருக்கிறது.

பழவேற்காடு தொடங்கி நாகப்பட்டினம் வரை பெரிய கப்பல் நுழையக்கூடிய இயற்கைத் துறைமுகம் ஒன்றுகூடக் கிடையாது. கரைக்கு ஒன்று, இரண்டு மைல் தள்ளி நங்கூரம் போட வேண்டும். ஆளும் அரிசியும் தண்ணீரும் பீரங்கிக் குண்டும் மசூலாப் படகில்தான் போய்வர வேண்டும். மசூலாவின் பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த கப்பற்படகு மணலில் மோதினால் பிளந்துவிடும். தைத்த படகு நெளிந்து கொடுத்து எழுந்துவிடும். உலகின் மிகப் பெரிய கடற்படை, குடிக்கத் தண்ணீர் ஏற்றுவதற்கு நம் ஊர் மீனவர்களின் துடுப்பை நம்பித்தான் இருந்தது.

கடற்கரைக்கு அருகே புனித டேவிட் கோட்டையின் இடிபாடுகள். 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடம் விலைக்கு வாங்கிய இடம். 1749 ஏப்ரலில் இந்தக் கரைக்கு எதிரே நங்கூரமிட்டிருந்த நாமூர் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் புயலில் மூழ்கி 500க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தக் கப்பலில் வந்த அட்மிரல் பாஸ்கவன் அன்று கரையில் இருந்ததால் தப்பினார். ஏப்ரலிலேயே இப்படியென்றால் ஐப்பசி, கார்த்திகையைச் சொல்லவே வேண்டாம்.

"புரட்டாசி முடிஞ்சா கடல் நம்ம கையில இல்ல சார்," என்றார் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர். லண்டனில் இருந்து வந்த ஆணைகளைவிட ஹியூஸ் அதிகம் அஞ்சியது இந்த விதிக்குத்தான். அக்டோபர் நடுவில் வாடை திரும்புவதற்குள் கப்பல்கள் சென்னை, கடலூர்க் கரைகளை விட்டு விலகியாக வேண்டும். 1782 அக்டோபர் 15 அன்று சென்னையில் புயல் வீச, ஹியூஸ் பம்பாய்க்குக் கிளம்பினார். திரும்பி வந்தது அடுத்த ஏப்ரலில். நடுவில் ஆறு மாதம் இந்தக் கரையில் பிரிட்டிஷ் கடற்படை என்று ஒன்று இல்லவே இல்லை.

கடலூருக்கு இன்னொரு கதை உண்டு. 1781 பிப்ரவரியில் அயர் கூட்டின் படை இங்கே அரிசி இல்லாமல் சிக்கிக் கிடந்தது. நிலப் பக்கம் ஹைதர். கடலில் பிரெஞ்சு அட்மிரல் டோர்வின் கப்பல்கள். இன்னும் சில நாள் இருங்கள் என்று ஹைதர் எவ்வளவோ கேட்டும், டோர்வ் மொரீஷியஸ் திரும்பிவிட்டார். அவர் தங்கியிருந்தால் கூட் பட்டினியால் பணிந்திருப்பார் என்பதுதான் என் உறுதியான எண்ணம். தென்னிந்திய வரலாற்றின் பெரிய திருப்பங்களில் ஒன்று, சண்டையே நடக்காத ஒரு வாரத்தில் முடிந்துபோனது.

1783 ஜூன் 20 சண்டையும் கடலூருக்கு எதிரேதான். ஹியூஸிடம் 18 கப்பல், சுஃப்ரெனிடம் 15. ஆனால் ஹியூஸின் ஆட்கள் ஸ்கர்வி நோயில் (காய்கனி இல்லாத உணவால் வருவது) படுத்திருந்தார்கள், தண்ணீர் தீர்ந்துகொண்டிருந்தது. 74 பீரங்கிகள் கொண்ட ஒரு கப்பலில் சுமார் 600 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு காலன், அதாவது நாலரை லிட்டர் என்று வைத்தால் ஒரு கப்பலுக்குத் தினமும் 2,700 லிட்டர். மூன்று மாதத்துக்கு 243 டன் தண்ணீர், அத்தனையும் மரப் பீப்பாயில். வெப்பத்தில் பீப்பாய்த் தண்ணீர் பச்சை பிடித்து நாறும். மாலை 4 மணிக்குத் தொடங்கிய சண்டை இருட்டும்வரை நடந்தது; பிரிட்டிஷ் தரப்பில் 99 பேரும் பிரெஞ்சுத் தரப்பில் 102 பேரும் இறந்தார்கள். பிறகு ஹியூஸ் தண்ணீருக்காகச் சென்னைக்குப் போனார். அப்போது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த கடலூரை முற்றுகையிட்டிருந்த பிரிட்டிஷ் தரைப்படை அநாதையாக நின்றது.

இதில் நெஞ்சை உறுத்துவது வேறு. ஐரோப்பாவில் பூர்வாங்க சமாதான ஒப்பந்தம் ஜனவரியிலேயே கையெழுத்தாகிவிட்டது. செய்தி இங்கே வந்து சேர்ந்தது ஜூன் மாதக் கடைசியில். அந்த 201 பேரும் முடிந்துபோன ஒரு போருக்காகச் செத்தார்கள்.

ஆகஸ்ட் 21, பரங்கிப்பேட்டை வழியாகக் காரைக்கால்

பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரம் வரை ஆட்டோ 100 ரூபாய். சதுரங்கப்பட்டினச் சண்டைக்குப் பிறகு ஹைதருக்கு உதவியாகச் சுஃப்ரென் தன் தரைப்படையை இறக்கியது இங்கேதான். மணல் திட்டு அடிக்கடி இடம் மாறுவதால் இன்றும் படகுக்காரர்கள் கண்ணால் அளந்துதான் உள்ளே வருகிறார்கள். மதியம் இறால் பிரியாணி 180. இறால் தாராளம், காரம் அதைவிடத் தாராளம்.

காரைக்காலில் புழுக்கம் தாங்கவில்லை. இரவு மின்சாரம் இரண்டு முறை போனது.

ஆகஸ்ட் 22, நாகப்பட்டினம்

காங்கேசன்துறைக் கப்பல் இன்று இல்லை. கடல் கொந்தளிப்பு, நாளைக்குப் பார்க்கலாம் என்று குறுஞ்செய்தி. இந்தப் பயணத்தைத் திட்டமிடுபவர்கள் நாகையில் ஒரு நாள் உபரியாக வைத்துக்கொள்வது நல்லது. மழைக்காலத்தில் சேவையே நின்றுவிடும். தங்கும் விடுதிக்காரர், "கப்பலுக்கு வந்தவங்களா? பரவாயில்ல, பாதி வாடகை கொடுங்க," என்று தானாகவே குறைத்துக்கொண்டார்.

கிடைத்த நாளில் கலங்கரை விளக்கப் பக்கம் போய்க் காற்றைக் கவனிக்கலாம். காலையில் நிலத்தில் இருந்து கடலுக்குக் காற்று. நண்பகல் தாண்டியதும் சட்டென்று நின்று, கொஞ்ச நேரத்தில் கடலில் இருந்து தென்கிழக்காக அடிக்கத் தொடங்குகிறது. 1782 ஜூலை 6 நாகப்பட்டினச் சண்டையைக் கலைத்தது இதே மாற்றம். பக்கத்துக்கு 11 கப்பல், நேருக்கு நேர் வரிசை. மதியத்துக்குப் பிறகு கடற்காற்று திரும்பியதும் இரண்டு வரிசையும் குலைந்து, சில கப்பல்கள் மூக்கை எதிரிப் பக்கம் நீட்டியபடி நின்றன. பிரெஞ்சுக் கப்பல் செவேரின் தலைவர் பயந்து, சரணடைவதாகக் கொடியை இறக்கிவிட்டார். கீழ்த்தட்டில் இருந்த அதிகாரிகள் அதை ஏற்காமல் சுட்டுக்கொண்டே இருக்க, கொடி மறுபடி ஏறியது. சண்டை முடிந்ததும் பிரெஞ்சுக்காரர் காரைக்காலுக்கு எதிரிலும் பிரிட்டிஷார் நாகைக்கு எதிரிலும் நங்கூரமிட்டார்கள். பேருந்தில் அரை மணி நேரத் தூரம்.

பிரிட்டிஷ் தரப்பில் 77 பேர் சாவு, பிரெஞ்சுத் தரப்பில் 178. பிணக்கணக்கில் ஹியூஸ்தான் வென்றார். ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். சுஃப்ரென் கடலூருக்குப் போனார். அங்கே மரக்கிடங்கோ பட்டறையோ இல்லை. சிறு கப்பல்களின் மரத்தைக் கழற்றிப் பெரிய கப்பல்களுக்கு மாட்டி, ஆகஸ்ட் 1 அன்று கிளம்பிவிட்டார். ஹியூஸ் சென்னையில் எல்லாவற்றையும் முறையாகப் பழுது பார்த்துக் கிளம்பியது ஆகஸ்ட் 20. இந்த 19 நாள் தாமதத்தால்தான் திருகோணமலை கைமாறிப்போனது.

பாய்மரம் என்றால் மூங்கில் கழி அல்ல. 74 பீரங்கிக் கப்பலின் நடுமரம் அடியில் 3 அடி விட்டம், 100 அடிக்கு மேல் நீளம், பல துண்டுகளை இணைத்து இரும்புப் பட்டையும் கயிறும் கட்டியது. அதன் மேல் இன்னும் இரண்டு அடுக்கு. தேக்கு கப்பலின் உடலுக்குச் சிறந்தது; மேல் மரத்துக்குக் கனம் அதிகம், கப்பல் தலை ஆடும். அதற்கு நெட்டையான பைன் வேண்டும். அமெரிக்கக் காலனிகள் கலகம் செய்திருந்ததால் அங்கிருந்து பைன் வரத்து நின்றுபோயிருந்தது. மலபார் காடுகளின் புன்னை இன மரங்கள்தான் இங்கே கிடைத்த மாற்று. கப்பலை முழுதாக வெளியே எடுத்து அடியைப் பார்க்க உலர்துறை வேண்டும். பம்பாயில் 1750இல் கட்டியதும் அதை ஒட்டி விரிவாக்கியதும்தான் ஹியூஸுக்கு உண்டு. வாடியா குடும்பத்துப் பார்சித் தச்சர்கள் அதை நடத்தினார்கள். சுஃப்ரெனுக்கு அதுவும் இல்லை.

சாயங்காலம் நாகூர் போய் 'வாடா' என்ற பலகாரம் சாப்பிடாமல் வரக் கூடாது. மேலே இறால் பதித்தது, 15 ரூபாய். சூடாக இருக்கும்போதே தின்றுவிட வேண்டும், ஆறினால் எண்ணெய்தான் மிஞ்சும்.

ஆகஸ்ட் 23, காங்கேசன்துறை

ஏறக்குறைய 110 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். கோடிக்கரையைத் தாண்டியதும் ஆட்டம் தொடங்கியது. பாதிப் பேர் வாந்தி. ஊறுகாய் வைத்திருந்த ஒரு பாட்டி வரிசை முழுவதற்கும் ஆளுக்கொரு துண்டு கொடுத்தார், யாரும் கேட்காமலேயே.

ஆகஸ்ட் 25, திருகோணமலை

யாழ்ப்பாணத்தில் இருந்து வவுனியா வழியாகப் பேருந்து ஏறக்குறைய ஏழு மணி நேரம். கச்சான் (தென்மேற்குக்) காற்று அடிக்கிற காலம். உடம்பில் ஈரம் நிற்பதில்லை. காலைச் சாப்பாடு பிட்டு, சொதி, சம்பல், பொரித்த மீன் 450 ரூபாய் இலங்கைப் பணத்தில். பிளேன்டீ 50. "சீனி போடவா, தனியாத் தரவா?" என்று ஒவ்வொரு கடையிலும் கேட்டுவிட்டே தருகிறார்கள்.

முதலில் பிரெட்ரிக் கோட்டை. போர்த்துக்கீசியர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லையும் கொண்டு 1620களில் கட்டியது. வாசலில் இரட்டை மீன் சின்னமும் தமிழ்க் கல்வெட்டுத் துண்டும் இன்னும் இருக்கின்றன. உள்ளே படைமுகாம், சாலையில் நின்று படம் எடுத்தால் காவலர் வந்து மென்மையாகத் தடுப்பார். புள்ளிமான்கள் பயமே இல்லாமல் திரிகின்றன, கையில் பழம் இருந்தால் பின்னாலேயே வரும். கோயில் வரை ஏறிப்போனால் கடல் காலடியில் செங்குத்தாக இறங்குகிறது.

மேலிருந்து பார்த்தால்தான் இந்த இடத்துக்காக ஏன் இத்தனை சாவு என்பது விளங்கும். தெற்கே விரிந்த கொட்டியாரக் குடா. அதற்குள் ஒடுங்கிய வாய் வழியாக உட்துறைமுகம், நாலாபுறமும் குன்று. வாடை எந்த வேகத்தில் அடித்தாலும் உள்ளே அசைவு இல்லை. ஆழமும் கரையை ஒட்டியே தொடங்கிவிடும், ஆகவே கப்பலைக் கரைக்கு மிக அருகில் கட்டிப் பழுது பார்க்கலாம். அந்த வாயைக் காத்து நிற்பது ஒஸ்டன்பர்க் முகடு. சோழமண்டலக் கரையில் சண்டையிடும் கடற்படைக்கு, மழைக்காலத்திலும் அருகிலேயே இருக்க ஒரே இடம் இது.

ஹியூஸ் 1782 ஜனவரி 11இல் ஒஸ்டன்பர்க் கோட்டையைத் தாக்கி டச்சுக்காரரிடம் இருந்து பிடித்தார். ஆனால் காவலுக்குப் போதிய ஆளை வைக்கவில்லை. அவர் செய்ததில் மிகப் பெரிய தவறு இதுவே. ஆகஸ்ட் 26 காலை சுஃப்ரென் படையை இறக்கினார். 31ஆம் தேதிக்குள் இரண்டு கோட்டைகளும் விழுந்தன. செப்டம்பர் 2 அன்று ஹியூஸ் வந்தபோது மேலே பறந்தது வெள்ளைக்கொடி, அதாவது பிரெஞ்சு அரசரின் கொடி.

மறுநாள் சண்டை. சுஃப்ரெனின் ஈரோ கப்பலில் நடுமரம் சாய்ந்து, கொடியும் கூடவே விழுந்தது. சண்டை முடிந்து உள்ளே வரும்போது ஓரியான் என்ற 74 பீரங்கிக் கப்பல் தரைதட்டி அழிந்தது. அதிலும் அவருக்கு ஒரு லாபம்: அதன் மரங்களைக் கழற்றி, மரம் இழந்த மற்றக் கப்பல்களுக்கு நட்டார்கள். ஒரு முழுக் கப்பல் போனாலும் மரம் மிஞ்சியதே என்று ஆறுதல்படும் நிலை.

ஆகஸ்ட் 26, திருகோணமலை

உட்துறைமுக வீதியில் பழைய டச்சு மாளிகையில் கடற்படை வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. நிதானமாகப் பார்க்க இரண்டு மணி நேரம் வேண்டும். ஒஸ்டன்பர்க் முகட்டில் உள்ள ஹூட்ஸ் டவர் அருங்காட்சியகம் கடற்படைத் தளத்துக்குள் இருப்பதால் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். வாசலில் போய் நின்றால் நடக்காது. கடவுச்சீட்டு கையில் வேண்டும்.

எஸ்பிளனேட் பக்கத்துப் பழைய கல்லறையில் ரியர் அட்மிரல் சார்ல்ஸ் ஆஸ்டின் அடக்கம். நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பி. கிழக்கிந்தியப் பிரிவின் தலைவராக இருந்து, பர்மாப் போரில் ஐராவதி ஆற்றில் காலராவால் 1852 அக்டோபர் 7 அன்று இறந்தார், வயது 73. புல் முழங்கால் உயரம். செருப்பு போதாது, ஷூ போடுங்கள்.

வெளியே எலுமிச்சைச் சாறு 150 ரூபாய், உப்பும் சீனியும் சேர்த்து. திருகோணமலையை 1795 ஆகஸ்டில் பிரிட்டிஷார் மறுபடி பிடித்ததில் இதற்கும் பங்குண்டு. அந்தக் கடற்படையின் தலைவர் பீட்டர் ரெய்னியர். அவருடைய சஃபோக் கப்பல் 1794இல் இங்கிலாந்தில் இருந்து சென்னைக்கு 23 வாரம் எங்கும் நிற்காமல் வந்தது. தினமும் ஆளுக்குக் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள். ஸ்கர்வி தலைகாட்டிய சிலரும் சாற்றின் அளவைக் கூட்டியதும் தேறினார்கள். 11 ஆண்டுக்கு முன் ஹியூஸிடம் இந்தச் சாறு இருந்திருந்தால் கடலூர்க் கணக்கே வேறாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 27, கிண்ணியா, மூதூர்

கிண்ணியாப் பாலம் 396 மீட்டர், 2009இல் திறந்தது. அதற்கு முன் படகுப்பாதைதான். மூதூரில் ஒரு கடைக்கார நானா நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "இருங்க தம்பி, தயிர் சாப்பிட்டுத்தான் போகணும்," என்றார். எருமைத் தயிர் சட்டி 500, கித்துள் பாணி (கித்துள் பனைப் பாகு) தனி. கரண்டியைச் செருகினால் நிற்கும்.

இங்கேதான் 1660இல் ஆன் என்ற கப்பலின் தலைவர் ராபர்ட் நாக்ஸும் அதே பெயருள்ள மகனும் கண்டி அரசனின் ஆட்களிடம் சிக்கினார்கள். அவர்கள் ஏன் கொட்டியாரத்துக்கு வந்தார்கள்? முந்தைய நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் புயலில் மரம் போயிற்று. புது மரம் வெட்ட வந்தார்கள். மகன் தப்பிக்க 19 ஆண்டு ஆனது. ஹியூஸுக்கும் சுஃப்ரெனுக்கும் 120 ஆண்டு முன்பே இதே புயல், இதே குடா, இதே தேவை.

ஆகஸ்ட் 28, சீனக்குடா, மட்டக்களப்பு

இரண்டாம் உலகப் போருக்கு முன் பிரிட்டிஷார் கட்டிய எண்ணெய்த் தொட்டிகள் சீனக்குடாக் காட்டுக்குள் 99 நிற்கின்றன, ஒவ்வொன்றும் சுமார் 12,000 டன் கொள்ளும். தண்ணீருக்கும் மரத்துக்கும் பதிலாக எண்ணெய். தேவை மாறினாலும் துறைமுகம் மாறவில்லை. ஆனால் 1942 ஏப்ரல் 9 அன்று ஆபத்து வானத்தில் இருந்து வந்தது. ஜப்பானிய விமானங்கள் வருகின்றன என்று அறிந்ததும் கப்பல்களைத் துறைமுகத்தை விட்டு வெளியே அனுப்பினார்கள். விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் அன்று தன் தளத்தில் ஒரு விமானம்கூட இல்லாமல் தெற்கே போனது. மட்டக்களப்புக்கு அருகே மூழ்கடிக்கப்பட்டு 307 பேர் இறந்தார்கள். கூட வந்த வாம்பயர் நாசகாரிக் கப்பலும் மூழ்கியது. அதன் பின் பிரிட்டிஷ் கிழக்குக் கடற்படையின் பெரும்பகுதி கென்யாவின் கிலிண்டினிக்கு ஒதுங்கி, 1944இல்தான் திருகோணமலைக்குத் திரும்பியது. தளம் 1957 அக்டோபர் 15 அன்று இலங்கையிடம் போனது. கிழக்கிந்தியப் பிரிவு அடுத்த ஆண்டு கலைக்கப்பட்டது.

மட்டக்களப்பில் ஹெர்மிஸைப் பார்க்க முக்குளிப்போர் வருகிறார்கள். சிதைவு 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. சாதாரண முக்குளிப்புக்கு எல்லை 40 மீட்டர், ஆகவே ஆழ்நீர்ப் பயிற்சிச் சான்றிதழும் கலப்பு வாயுவும் வேண்டும். மேலே ஏறும்போது நடுநடுவே நின்று அழுத்தத்தை இறக்க அரை மணி நேரத்துக்கும் மேல் ஆகும்; நீரோட்டம் இழுத்தால் அதற்குள் படகை விட்டு விலகிவிடுவோம் என்பதால், மிதவைக் கயிற்றைப் பிடித்தே இறங்கிப் பிடித்தே ஏற வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைதான் காலம். போரில் இறந்தவர்களின் கல்லறை அது. உள்ளே நுழைவதும் ஒரு ஆணியை எடுப்பதும் தகாது.